நிழலை அளந்த சிறுவன்



சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு தாயார் தம் ஒன்பது வயது மகனுடன் எங்கள் மதரஸாவுக்கு வந்தார். சிறுவன் பள்ளிக்கூடம் செல்வதில்லை. குர்ஆன் மனனத்துடன் ஏனைய பாடங்களையும் வீட்டிலேயே கற்று வருகிறான்.

"ஹஜ்ரத், தமிழும் கணக்கும் நானே சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். அறிவியலுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பொழுதெல்லாம் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். வீட்டில் சோதனைக்கூடமா இருக்கிறது? பிள்ளையைப் பாழாக்குகிறாய் என்று உறவினர்கள் ஏசுகிறார்கள்" என்று கண் கலங்கினார்.

"இப்போது உன் கேள்வி என்ன தம்பி?" என்றேன். சுவரில் தொங்கிய தொழுகை நேர அட்டவணையைக் காட்டி, "லுஹர் நேரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?" என்றான்.

என் நெஞ்சு சுருக்கென்றது. பல ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை என் மாணவன் ஒருவன் கேட்டான். கலைப் பட்டதாரியான எனக்கு விடை தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, "ஓதுகிற பாடத்தைப் பார்" என்று அதட்டிவிட்டேன். அதன்பின் அவன் என்னிடம் எதையுமே கேட்டதில்லை.

இம்முறை அப்பிழையைச் செய்யவில்லை. "எனக்கும் தெரியாது. அளந்து பார்ப்போம், வா" என்றேன்.

மொட்டை மாடியில், தளம் மட்டமாக இருந்த இடத்தில், 20 செ.மீ. உயரக் குச்சியொன்றைக் களிமண்ணில் செங்குத்தாக நிறுத்தினோம். அதன் அடியை மையமாகக் கொண்டு 14 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்தோம். காலையில் நீண்டிருந்த நிழலின் நுனி, குறுகி வந்து 10.40 மணிக்கு வட்டத்தைத் தொட்டது. பிற்பகலில் மீண்டும் நீண்டு 2.16க்குத் தொட்டது. இரண்டுக்கும் நடுவான நேரம் 12.28. அதுவே அன்றைய உச்சிப்பொழுது. அது சாய்ந்ததும் லுஹர் தொடங்குகிறது. வட்டத்தின் இரு புள்ளிகளுக்கும் நடுவிலிருந்து குச்சிக்கு இழுத்த கோடு வடக்கு தெற்கைக் காட்டிற்று.

இதற்கு அக்கால முஸ்லிம் வானியலார் இட்ட பெயர் 'இந்திய வட்டம்'. டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பணியிலிருந்த இப்னு ஷாத்திர், 1371 வாக்கில் அதன் மினாராவுக்கெனப் பெரியதொரு நிழற்கடிகாரமே அமைத்தார்.

அன்று நண்பகல் நிழல் 8 செ.மீ. அத்துடன் குச்சியின் உயரத்தைக் கூட்டி, நிழல் 28 செ.மீ. ஆகும்போது ஷாஃபி மத்ஹபின்படி அஸர். இருமடங்கு கூட்டி 48 செ.மீ. ஆகும்போது ஹனஃபி மத்ஹபின்படி அஸர். சிறுவன் அளந்து, அட்டவணையுடன் ஒப்பிட்டுத் துள்ளிக் குதித்தான்.

மாதந்தோறும் அளந்தான். ஏப்ரலில் ஒரு நண்பகல் நிழலே காணவில்லை! கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் சென்னையில் நான்காம் வாரத்திலும் இது நிகழும். ஜூனில் நிழல் தெற்கே விழுந்தது. நவம்பர் தொடக்கத்தில் உச்சிப்பொழுது 12 மணிக்குச் சற்று முன்னரே வந்துவிட்டது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும், அது சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டமாக இருப்பதுமே காரணம் என்று நாங்கள் பின்னர் படித்தறிந்தோம். அதற்குள் அந்த விடைக்கான பசி அவனுக்கு வந்திருந்தது.

தாய்மார்களுக்குச் சில சொற்கள். அளக்குமுன் என்ன நிகழும் என்று பிள்ளையை ஊகித்து எழுதச் சொல்லுங்கள். ஊகம் தவறினால் நகைக்காதீர்கள். முதல் நாள் எங்கள் குச்சி சாய்ந்திருந்ததால் கணக்கே பிழைத்தது. ஏன் பிழைத்தது என்று தேடியதும் ஒரு பாடமாயிற்று. சூரியனை நேராகப் பார்க்கவிடாதீர்கள். நிழலைப் பார்த்தால் போதும். பாடநூலைக் கைவிடவும் வேண்டாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' போன்ற சிறுவர் இதழ்களும் துணைபுரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நான் அதட்டிய மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். அவனிடம் நான் மூடிய கதவை உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் மூடிவிட வேண்டாம்.

தன் படைப்பைச் சிந்தித்து உணரும் சந்ததிகளை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.