ஓர் இராத்தல் சதை

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் பட்டணத்திலும் ஆங்கில மரபுத் தொடர்கள் என்று சொல்லி விற்கப்படும் சிறு புத்தகங்களைத் தோழர்களில் பலர் அறிவார்கள். இடப்புறம் ஆங்கிலத் தொடர். வலப்புறம் தமிழ்ப் பொருள். நாளொன்றுக்குப் பத்து வீதம் உருப்போட்டால் ஆங்கிலம் வந்துவிடும் என்பது அவற்றை விற்போர் வாக்கு. அவ்வாக்கை நம்பி நாம் செய்த ஒரு கேட்டை முதலில் சொல்லிவிடுகின்றோம். பின்னர் வாசகர்கள் நம்மைக் கண்டித்தாலும் சரியே.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகின்றோம். ஆங்கில வழியே கற்றவர் என்ற செருக்கும் நமக்கு உண்டு. சில வருஷங்களுக்கு முன் குலை வெட்டும் தொழிலாளர்கள், ஓய்வு நாளில் வேலை செய்ததற்குச் சேரவேண்டிய மிச்சக் கூலியைக் கேட்டு மனு எழுதித் தரும்படி நம்மிடம் வந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் எழுதினோம். மனுவுக்கு ஓர் அழகு வேண்டுமே என்று கருதி, இவர்கள் தங்கள் 'பவுண்ட் ஆப் பிளெஷ்' ஒன்றையே கேட்கின்றார்கள் என்று முடித்தோம். பட்டியலில் அதற்குச் "சட்டப்படி சேரவேண்டியது" என்றல்லவோ பொருள் போட்டிருந்தது! மானேஜர் அதை வாசித்துவிட்டு, "உம்முடைய ஆட்கள் என்னை அறுக்க வருகிறார்களா?" என்று கேட்டார். மனு இரண்டு மாதம் அவர் மேஜையிலேயே கிடந்தது. மூதாட்டி ஒருவர் வாரந்தோறும் ஆபீஸ் வாசலில் நின்று, "கிராணி ஐயா, நம்ம கடுதாசி என்னாச்சுங்க?" என்று கேட்பார். நமக்கு வாய் எழவில்லை.

பிறகே ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வர்த்தகன் நாடகத்தை முழுதாக எடுத்துப் படித்தோம். பள்ளியில் நாம் படித்தது லாம் என்பாரும் அவர் தமக்கையாரும் 1807-இல் எழுதிய கதைச் சுருக்கமே. கதை தெரிந்தது, பேச்சு தெரியவில்லை. மூவாயிரம் டக்கட்டுக் கடனுக்காக ஷைலக் எழுதி வாங்கிய பத்திரம், மும்மடங்கு பணம் தருகிறோம் என்றபோதும் அவன் மறுப்பது, கத்தியைச் செருப்பில் தீட்டுவது, இவையெல்லாம் கண்முன் வந்தால் ஒழிய அத்தொடரின் கொடுமை விளங்காது. சட்டம் தன் பக்கம் உண்டு, இரக்கம் ஒரு சொட்டும் இல்லை என்பதே அதன் பொருள். கூலி கேட்ட ஏழைகளை நாம் ஷைலக்காக்கிவிட்டோம்! (அந்த ஷைலக்கின்மீதும் முன்னர் காறி உமிழ்ந்தவர்கள் உண்டு என்பதை நம்மவர் எளிதில் மறவார்.)

"நானூறு வருஷத்துப் பழைய ஆங்கிலம் நமக்கு எதற்கு?" என்பாருக்கு ஒன்று சொல்வோம். அதில் உள்ள 'தௌ' என்பதும் 'யூ' என்பதும் இன்றைய ஆங்கிலேயச் சிறுவனுக்கு உரைக்காமலே விளங்காது. நமக்கோ நீ, நீர், நீங்கள் மூன்றும் தொட்டில் பழக்கம். லியர் அரசன் தன் கடைசி மகளைத் துரத்தும்போது, கெண்ட் பிரபு அரசனென்றும் தந்தை போன்றவனென்றும் மரியாதையாகத் தொடங்கி, திடீரெனக் கிழவா என்றும் நீ என்றும் கேட்டுவிடுகின்றான். தலை நரைத்த தொழிலாளியை நேற்று வந்த மேற்பார்வையாளன் நீ என்று அழைப்பதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, ஒரு பிரபு அரசனை நோக்கி அதைத் திருப்பிச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று யாரும் விளக்க வேண்டுமா? ஜூலியஸ் சீஸரில் ஆண்டனி, புரூட்டஸைக் கண்ணியவான் என்று திரும்பத் திரும்பச் சொல்லியே அச்சொல்லை வசையாக்கி விடுகின்றான். எந்தப் பட்டியல் இதைக் கற்பிக்கும்?

பழைய சொற்களை அப்படியே கடிதத்தில் தூக்கிப்போடுவதும் மடமையே. 'பிரசன்ட்லி' என்றால் அன்று உடனே. இன்று சற்றுப் பொறுத்து. நாடகத்தில் கற்க வேண்டியது எவர் எவரிடம் எந்நிலையில் எச்சொல்லைச் சொல்லுகின்றார் என்பதைத்தான்.

ஆண்டனியின் பிரசங்கத்தை ஒப்பித்துக் கைதட்டு வாங்கும் பட்டணத்துக் கனவான்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது. 1893-இல் தோன்றிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் போன்ற ஆங்கிலப் பள்ளிகள் பட்டணத்தில் இருந்தன. தோட்டத்துப் பிள்ளைக்கு, 1923-ஆம் வருஷச் சட்டத்தின் கட்டாயத்தால், லயத்தருகே ஒரு தமிழ்ப் பள்ளி. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. ஆனாலும் ஷேக்ஸ்பியர் தமக்கே சொந்தம் என்னும் மனப்பான்மை மட்டும் மாறவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும், மேற்படி வர்த்தகனை வாணீபுர வணிகனாகவும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தாரே, அவற்றை முன்னே படித்து ஆங்கிலத்தைப் பின்னே படித்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தோட்டத்து இளைஞர் நால்வர் அந்த வழக்கு மன்றக் காட்சியைத் தமிழில் பேசிப் பார்த்துப் பிறகு ஆங்கிலத்தில் வாசிக்கின்றார்கள். ஷைலக் வேஷத்துக்குத்தான் போட்டி. மிச்சக் கூலி மூன்றாம் மாதத்தில் வந்து சேர்ந்தது. நாம் மறுபடி எழுதிக் கொடுத்த மனுவில் தேதியும் மணியும் தொகையும் தவிர வேறொன்றும் இல்லை.