கற்களுக்குக் கிடைத்த கவனிப்பு

எகிப்தின் தென்கோடியிலுள்ள அஸ்வான் நகருக்குச் செல்லும் உல்லாசப் பயணிகளைப் படகோட்டிகள் தவறாமல் அழைத்துச் செல்லும் இடங்கள் இரண்டு. கிச்சனர் தீவு எனப்படும் தாவரவியல் பூங்காவும், அதற்குத் தெற்கே நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள கர்ப் சுஹேல் என்னும் நூபியக் கிராமமுமே அவை. அரை நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு மதிய உணவுக்கு விடுதி திரும்பிவிடலாம். நானும் அவ்வாறே சென்றேன். அந்த அரை நாளில் காட்டப்படுவனவற்றைக் காட்டிலும் காட்டப்படாதவையே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

பூங்கா அழகானது, அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. எகிப்தியப் படையின் தளபதியாக இருந்த பிரித்தானியர் கிச்சனருக்கு 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தீவு வழங்கப்பட்டது. 1898 இல் சூடானின் ஒம்துர்மானில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று குவித்த படையை நடத்தியவரும் இவரே. தூர தேசங்களிலிருந்து மரங்களைத் தருவித்து அவர் இங்கு நட்டார். இன்று ராஜபனைகள் இருமருங்கும் ஓங்கி நிற்க, நிழலில் நடந்து செல்லலாம். எதிர்க்கரையில் வெறும் மணற்குன்றுகள். பாலைவனத்தின் நடுவே அந்நிய மண்ணின் மரங்களைப் பக்குவமாகப் பெயர்த்து வேரூன்ற வைக்க முடியும் என்பதற்கு அத்தீவு சான்று. மனிதரைப் பெயர்த்த விதம் வேறு.

கிராமத்தில் நீலமும் மஞ்சளுமாக வர்ணம் தீட்டிய சுவர்கள், ஒட்டகச் சவாரி, மருதோன்றி இடும் பெண்கள் ஆகியவற்றைக் காணலாம். வீட்டு முற்றத்தில் அமர்த்தி கர்கடே தருகிறார்கள். நமது செவ்வரத்தையின் இனத்தைச் சேர்ந்த செடியொன்றிலிருந்து தயாரிக்கப்படும் செந்நிறப் பானம் அது. சில வீடுகளில் தொட்டியில் முதலையை வளர்த்து, குட்டி முதலையைக் கையில் தந்து படம் எடுக்க வைக்கிறார்கள். உயர் அணை கட்டப்பட்டபின் முதலைகளின் இருப்பிடம் அணைக்கு மேலேயுள்ள நாசர் ஏரிதான். இங்கே அவை வாழ்வது தொட்டிகளில் மட்டுமே. முதலையைப் பார்த்து அலறிச் சிரிக்கும் பயணிகளில் எத்தனை பேர் அந்த ஏரியின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்?

அங்கே இருப்பது நூபியா. முதல் அணை 1902 இல் பிரித்தானியரால் கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் 1912 இலும் 1933 இலும் அது உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு தடவையும் கரையோர வயல்களும் பேரீச்சந் தோப்புகளும் நீரில் மூழ்க, மக்கள் மேட்டில் ஏறி மீண்டும் வீடு கட்டினர். 1960 இல் உயர் அணையின் வேலை ஆரம்பமானதும் ஏறுவதற்கு மேடும் இல்லாமற் போயிற்று. 1963 ஒக்டோபர் தொடங்கி 1964 நடுப்பகுதி வரை ஏறத்தாழ 50,000 எகிப்திய நூபியர் வடக்கே கொம் ஒம்போ பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எல்லைக்கு அப்பால் சூடானிலும் ஏறத்தாழ அதே தொகையினர் நைலைவிட்டு வெகுதூரத்திலுள்ள கஷ்ம் எல் கிர்பாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அதே காலத்தில் யுனெஸ்கோவின் அழைப்பை ஏற்று உலக நாடுகள் நூபியாவின் கோயில்களைக் காக்கத் திரண்டன. அபு சிம்பெல் கோயில்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீற்றர் உயரத்தில், சூரிய ஒளி கருவறையில் விழும் கோணம் முதற்கொண்டு கவனித்து மீளப் பொருத்தினர். செலவு ஏறத்தாழ 4 கோடி டொலர். உதவிக்கு நன்றியாக ஒரு கோயில் மட்ரிட்டுக்கும் இன்னொன்று நியூயோர்க்குக்கும் அளிக்கப்பட்டது.

மக்களுக்குக் கிடைத்தவை வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பல வீடுகள் அவர்கள் வந்திறங்கியபோது முடிக்கப்பட்டிருக்கவுமில்லை. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு ஆறு சில கிலோமீற்றர்களுக்கு அப்பால். ஆரம்ப மாதங்களில் குழந்தைகளும் முதியோரும் பெருந்தொகையாக மாண்டனர். மூழ்கிய ஊர்களின் பெயர்களையே புதிய குடியிருப்புகளுக்கும் சூட்டிக்கொண்டனர். கொண்டுவர முடிந்தவற்றுள் பெயரும் ஒன்று.

அணையே கூடாதென்று நான் வாதிடவில்லை. 1980 களின் கடும் வரட்சியில் எகிப்தைக் காத்தது அந்த ஏரி நீர்தான். ஆனால் நாட்டுக்காக ஊரை இழந்தவர்களுக்கு நாடு கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று கேட்பது நியாயமே. 2014 ஜனவரியில் நிறைவேறிய அரசியலமைப்பின் 236 ஆம் உறுப்புரை, பத்து ஆண்டுகளுக்குள் நூபியரை அவர்தம் பூர்வீகப் பகுதிகளுக்குத் திரும்பச் செய்வதாக எழுத்தில் உறுதியளித்தது. அதே ஆண்டின் இறுதியில் வெளியான 444 ஆம் இலக்க ஜனாதிபதி ஆணை, எல்லையோர நிலங்களை இராணுவ வலயமாக்கியது. நூபியரின் பழைய ஊர்கள் பலவும் அதனுள் அடங்கின. 2017 செப்ரெம்பரில் ‘தஃப்’ என்னும் கைப்பறையைத் தட்டிப் பாடியவாறு அஸ்வானில் ஊர்வலம் சென்றவர்கள் கைதாகினர். அவர்களுள் ஒருவர் இரு மாதங்களின் பின் தடுப்புக் காவலில் இறந்தார். 2020 இல் நட்டஈடு வழங்கத் தொடங்கினர். அது மீள்குடியேற்றம் அல்ல. பத்தாண்டுத் தவணை 2024 இல் கழிந்துவிட்டது.

கர்ப் சுஹேல், உயர் அணைக்குக் கீழே இருந்தமையால் 1964 இல் பெயர்க்கப்படாது தப்பிய ஊர். அங்குள்ளோர் வர்ணம் தீட்டி, விருந்து வைத்துப் பிழைப்பதை வேடமென்று இகழ எனக்கு மனமில்லை. வேறு தொழில் அரிதான இடத்தில் அது சோறு போடுகிறது. முதலைத் தொட்டியை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

எனது குறை பயண ஏற்பாட்டாளர்கள் மீதே. நைல் கப்பல்கள் கொம் ஒம்போவிலும் நங்கூரமிடுகின்றன. முதலை முகத் தெய்வமான சொபெக்கின் கோயிலையும், பதப்படுத்திய முதலைகளின் காட்சிச்சாலையையும் காட்டிவிட்டுப் புறப்படுகின்றன. பெயர்க்கப்பட்ட நூபியரின் குடியிருப்புகள் அவ்விடத்திலிருந்து வெகுதூரமில்லை. அஸ்வான் செல்லும் எண்ணமுள்ள வாசகர்கள், படகேறுமுன் 1997 இல் அங்கு திறக்கப்பட்ட நூபிய அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் செலவிடுவது நல்லது. கிராமத்துக்குப் போனால், தேநீர் தரும் முதியவரிடம் அவர் உறவினர் எந்த ஊரிலிருந்து பெயர்ந்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.