துவிபாஷகர் எங்கே தவறினார்?

ஒருவர் கூறும் செய்தி மற்றொருவர் செவிக்கு நேரே சென்று சேருமாயின் பிழை நேர்வதற்கு இடம் குறைவு. இடையில் ஒரு துவிபாஷகர் நிற்பாராயின், செய்தி பிறழ்ந்தவிடத்துப் பிழை யாருடையது என்று அறிதல் அத்துணை எளிதன்று. சாட்சி தவறாகச் சொன்னாரா, துவிபாஷகர் தவறாக மொழிபெயர்த்தாரா, நீதிபதி தவறாகக் கேட்டாரா என மூவரையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். நம் வீட்டு விளக்குகளுக்கும் இக்காலத்தில் அத்தகைய துவிபாஷகர் ஒருவர் வந்து சேர்ந்திருக்கின்றார். சைகை மாற்றி என்னும் சிறு பெட்டியே அவர்.

'றிமோட்' என்று பிள்ளைகள் கூறும் தொலையியக்கி பெரும்பாலும் செந்நிறக்கீழ்க் கதிரின் மொழியிலே பேசுவது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர், ஞாயிற்றொளியின் நிறமாலையிலே சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்துக் கண்டறிந்த கதிர் இதுவே. இது சுவரை ஊடுருவாது. விளக்கினருகே பொருத்திய வாங்கியோ 433 மெகாஹேட்ஸ் மீடிறனுடைய வானொலி அலையை மட்டும் அறிந்ததாயிருக்கலாம். கையடக்கத் தொலைபேசியோ வைபை மொழி பேசுவது. ஒன்றின் மொழி மற்றொன்றுக்கு விளங்காது. நடுவில் இருந்து ஒரு மொழியிற் கேட்டு வேறொரு மொழியிற் சொல்வதே சைகை மாற்றியின் தொழில்.

இஃது என்ன பெரிய காரியம் என்று சிலர் கருதலாம். கடல் கடந்து வாழும் மக்கள் விடுமுறையில் வந்து, முழங்கால் நோவுடைய தாய் இருளிலே சுவரைத் தடவித் திரியலாகாது என்று இக்கருவிகளைப் பொருத்திக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகின்றனர். ஒரு நாள் கருவி பணிய மறுக்கின்றது. விறாந்தைப் படியில் இருளிற் கால் வைக்கும் முதியவருக்கு அது வெறுந்தொல்லையன்று. இடுப்பெலும்பு முறிவதற்கும் அதுவே வழியாகலாம். எனவே பிழையைக் கண்டறியும் முறையை வீட்டிலுள்ளோர் அறிந்திருத்தல் நன்று.

முதலிற் சுவரிலுள்ள ஆளியைப் பாருங்கள். பழக்கத்தினால் யாரேனும் அதனை அணைத்துவிட்டால், விளக்கிலுள்ள வாங்கிக்கு மின்னே இல்லை. எத்தனை முறை அழுத்தினும் அது கேளாது. வீடுகளில் அடிக்கடி நேரும் குறை இதுவே.

ஆளி சரியாயிருப்பின் வழியைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். எட்டுக் கண்ணியுடைய சங்கிலியில் ஒரு கண்ணி பழுதாயின், ஒவ்வொன்றாகச் சோதிப்போர்க்கு ஏழு சோதனைகள் வரை தேவைப்படலாம். பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்போர்க்கு மூன்றே போதும். மாணவர்கள் இதனை மனத்திற் கொள்க. நம் சங்கிலியில் நடுக் கண்ணி சைகை மாற்றியே. செய்தி கிடைத்ததும் பளிச்சிடும் சிறு விளக்கொன்று அதிற் பெரும்பாலும் இருக்கும். தொலையியக்கியை அழுத்தும்போது அது பளிச்சிடுமாயின் முதற் பாதி செம்மையானது, குறை பிற்பாதியிலுண்டு. பளிச்சிடாவிடின் முற்பாதியை ஆராய்க.

முற்பாதியில் பற்றரி தேய்ந்திருக்கலாம். தொலையியக்கியின் முனையைக் கையடக்கத் தொலைபேசியின் கமராவுக்கு நேரே பிடித்து அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் திரையில் வெளிர்நிறப் பொட்டாகத் தோன்றும். சில தொலைபேசிகளின் பின்பக்கக் கமரா இக்கதிரைத் தடுத்துவிடுமாதலின் முன்பக்கத்தாற் பார்த்தல் நலம். பொட்டுத் தோன்றியும் மாற்றி கேளாவிடின், இடையிலே திரைச்சீலையோ பூச்சாடியோ மறைக்கின்றதா, மாற்றியின் மீது வெயில் நேரே விழுகின்றதா என்று நோக்குக. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செனித் நிறுவனத்திலே யூஜீன் பொல்லி அமைத்த கம்பியில்லாத் தொலைக்காட்சி இயக்கி ஒளிக்கற்றையால் இயங்கியது. வெயில் பட்ட வேளைகளில் அத்தொலைக்காட்சி தானாகவே அலைவரிசை மாறியதென்பது பலரறிந்த செய்தி.

தொலைபேசியால் இயக்குவோர் வேறொன்றைப் பார்க்கவேண்டும். வைபை றவுட்டரை மாற்றியதும், அதன் கடவுச்சொல்லை மாற்றியதும் சைகை மாற்றிக்குத் தெரியாது. அதற்குப் புதிய சொல்லை நாமே கற்பிக்கவேண்டும். அன்றியும் இத்தகைய பெட்டிகள் பல 2.4 கிகாஹேட்ஸ் அலையை மட்டுமே அறிந்தவை. 5 கிகாஹேட்ஸ் அலையில் அழைத்தால் அவை திரும்பியும் பாரா.

பிற்பாதிக் குறைகளே மிகவும் மயக்குவன. எக்ஸ்-10 என்னும் முறையின் வரலாறு இதற்கு நல்ல பாடம். ஸ்கொட்லாந்தின் கிளென்றோதெஸ் நகரிலிருந்த பைகோ இலெக்ற்றோனிக்ஸ் நிறுவனத்தார் 1975ஆம் ஆண்டில் வகுத்த இம்முறை அமெரிக்க வீடுகளிற் பரவியது. கைக்கருவியின் வானொலி அலையை மாற்றி வாங்கி, 120 கிலோஹேட்ஸ் துடிப்புகளாக்கி, வீட்டின் மின்கம்பியிலேயே அனுப்பும். ஆடலோட்டத்தின் மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும் கணமே துடிப்புக்குரிய நேரம். எழுத்துப் பதினாறு, எண் பதினாறு. ஆக 256 முகவரிகள்.

அவ்வீடுகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. சில அறைகளின் விளக்குகள் கேளாதிருக்கும். மின்னடுப்பை மூட்டியதும் அவை பணியத் தொடங்கும். அடுப்புக்கும் விளக்குக்கும் என்ன உறவு? அமெரிக்க வீட்டிற்கு மின்சாரம் இரண்டு உயிர்க்கம்பிகளில் வருகின்றது. ஒரு கம்பியில் இட்ட சைகை மற்றக் கம்பிக்கு எளிதிற் செல்லாது. மின்னடுப்போ இரண்டுக்கும் இடையே பொருத்தப்படுவது. அது மூட்டப்பட்டதும் சைகைக்குப் பாலமாயிற்று. சைகையை மட்டும் கடத்தும் கொள்ளளவி ஒன்றை மின்வினைஞரைக்கொண்டு இரு கம்பிகளுக்கிடையிற் பொருத்தக் குறை தீர்ந்தது. வேறு சில வீடுகளிலே கணினியின் மின்வழங்கி சைகையை விழுங்கியது. அதனைச் செருகியிருந்த இடத்தை மாற்ற விளக்கு எரிந்தது. அயலவரும் அதே எழுத்தைத் தெரிந்திருந்தால் அவர் அழுத்த இவர் விளக்கு எரிவதுமுண்டு. துவிபாஷகர் பிழை செய்யவில்லை. அவர் சொல் போகும் பாதையே பிழை. மாற்றியைக் குறைகூறிப் புதியது வாங்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம்மிடையே இன்று வழங்கும் மலிவான கருவிகளில் மற்றொரு குறையுண்டு. மாற்றி செய்தியை அனுப்பும். விளக்கு எரிந்ததா என்று அறியாது. தொலைபேசித் திரை 'எரிகின்றது' என்னும். விறாந்தையோ இருளில் மூழ்கியிருக்கும். ஏற்றவும் அணைக்கவும் ஒரே சைகையைப் பயன்படுத்தும் கருவிகளில் இம்மயக்கம் மிகுதி. ஒருவர் சிறு தொலையியக்கியால் விளக்கை ஏற்றியபின் மற்றவர் தொலைபேசியால் 'ஏற்று' என்பார், விளக்கு அணையும். ஏற்றுவதற்கு ஒன்றும் அணைப்பதற்கு ஒன்றுமாக இரு வேறு சைகைகளுடைய கருவியைத் தெரிவதே இதற்கு மருந்து.

ஓர் எச்சரிக்கை. தொலையியக்கியால் அணைத்த விளக்கு மின் அற்றதென்று கொள்ளற்க. குமிழ் எரியாதபோதும் கம்பியில் 230 உவோல்ற்று இருக்கலாம். சுவர்ப் பெட்டியைத் திறக்கும் வேலை, தலைமை ஆளியை அணைத்தபின் மின்வினைஞர் செய்யும் வேலையாகும்.

பெற்றோருக்கு இவ்வசதியைச் செய்து கொடுக்கும் பிள்ளைகள் இரண்டு காரியங்களை மறவாதிருப்பாராக. பழைய சுவர் ஆளியால் விளக்கை ஏற்றும் வழியை ஒருபோதும் அகற்றலாகாது. சைகை எதிலிருந்து எதற்குச் செல்கின்றது, எந்தப் பெட்டியில் எந்தச் சிறு விளக்குப் பளிச்சிடவேண்டும் என்பதைப் பெரிய எழுத்திலே தமிழில் எழுதி ஆளியினருகே ஒட்டி வைத்தல் வேண்டும். கருவியைப் பொருத்தியவர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாற் போய்விடுவார். விளக்கு எரியாத இரவில் தாய்க்குத் துணை நிற்பது அக்காகிதமே.