தொற்றுக்குச் சாதி தெரியாது, பயிற்சிக்குத் தெரிகிறது

ராசிபுரம் பக்கம் ஓர் அருந்ததியர் குடியிருப்பு. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணிக்குப் போகும் அக்கா ஒருவர் தன் விரலை நீட்டிக் காட்டினார். கறுப்புக் குப்பைப் பையை அமுக்கிக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி குத்தியிருக்கிறது. சூப்பர்வைசரிடம் ஓடியிருக்கிறார். "ரத்தத்தப் பிதுக்கி விட்டுட்டு டெட்டால் ஊத்திக்க. மேல யாருகிட்டயும் சொல்லாத, அப்புறம் வேலைக்கு வர வேண்டாம்னுடுவாங்க" என்று பதில் வந்திருக்கிறது. யாருக்குப் போட்ட ஊசி அது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை இல்லை. பதிவேட்டில் ஒரு வரி இல்லை.

"ஆஸ்பத்திரியில இன்ஃபெக்‌ஷன் பத்தி கிளாஸ் ஏதும் எடுப்பாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"எடுப்பாங்க கண்ணு. அன்னைக்கு அந்த ஹாலைக் கூட்டித் தொடச்சு சேர் போடறது நாங்கதான்" என்றார்.

தோழர்களே, இந்த ஒரு பதில் போதும். தொற்றுத் தடுப்புப் பயிற்சி என்று நம் மருத்துவமனைகளில் நடப்பது என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேறு ஆய்வு எதுவும் வேண்டாம். மருத்துவர்களும் செவிலியர்களும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் பவர்பாயிண்ட் ஓடும். கை கழுவும் முறை, முகக்கவசம், கையுறை, நான்கு நிறப் பைகள் எல்லாம் திரையில் வரும். அந்தப் பைகளைக் கட்டி, தூக்கி, வண்டியில் ஏற்றும் பெண்கள் கதவுக்கு வெளியே நிற்பார்கள்.

அந்த அக்காவுக்கு யாராவது அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது, கிருமிநாசினி ஊற்றித் தேய்க்கக் கூடாது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று தெரிந்திருக்கும். உடனே மருத்துவரைப் பார்த்திருப்பார். எச்ஐவி ஆபத்து இருந்தால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் 2 மணி நேரத்திலேயே மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 1000இல் 3 தான். ஆனால் ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் வாய்ப்பு 100இல் 30 வரை போகும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அந்த அக்காவுக்கு ஒரு தவணைகூடப் போடவில்லை. ஒப்பந்தக்காரர் மாறும்போது ஆளும் மாறுகிறார், மூன்றாவது தவணை யாருடைய பொறுப்பும் இல்லை.

இன்னொரு கேள்வி. ஊசி ஏன் கறுப்புப் பையில் கிடந்தது? ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டியவை. அதில் போட வேண்டியவர் அந்த ஊசியைப் பயன்படுத்தியவர்தான். கழிவு உண்டாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்பதே விதி. தூய்மைப் பணியாளரின் விரலில் குத்துகிற ஒவ்வொரு ஊசிக்கும் பின்னால், அந்தப் பயிற்சி வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் இருக்கிறார். அவர் செய்த தவறு, அவள் உடம்பில் தண்டனையாக இறங்குகிறது.

இதெல்லாம் சட்டத்தில் இல்லாதது என்று நினைக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: கழிவைக் கையாளும் அனைவருக்கும் வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி கொடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். ஆண்டுதோறும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் தர வேண்டும். இந்தப் பொறுப்பு மருத்துவமனையை நிர்வகிப்பவருக்கு. "அவங்க எங்க ஸ்டாஃப் இல்ல, கான்ட்ராக்ட் ஆளுங்க" என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

ஆனால் ஒப்பந்த முறை வந்ததே இப்படிப் பேசுவதற்காகத்தான். மருத்துவமனைத் தூய்மைப் பணி அரசு வேலையாக இருந்தவரை ஓய்வூதியமாவது இருந்தது. தனியாருக்கு விட்ட பிறகு அதுவும் போனது. அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் துடைப்பம் பிடிப்பதற்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்லாமலே நமக்குப் பெரும்பங்கு ஒதுக்கீடு நடக்கிறது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் வாதிட்டார். அந்த அடுக்கை ஒரு மருத்துவமனை வார்டில் நின்று பார்த்தால் போதும்.

2020இல் கொரோனா வந்தது. துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். கைதட்டினார்கள், பூத் தூவினார்கள், காலைக் கழுவிப் படம் எடுத்தார்கள். பெயர் மாறியது நல்லதுதான். கையில் இருந்த கிழிந்த கையுறை மாறவில்லை.

நிர்வாகம் சொல்லும் சாக்குகளும் நமக்குத் தெரிந்தவையே. "சொன்னாலும் அவங்களுக்குப் புரியாது." நான்கு நிறப் பையை எந்த அறையில், எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு அந்த நிறத்தின் காரணம் புரியாதா? "கையுறை கொடுத்தாலும் போடறதில்ல." நோயாளியைத் தொட்டுப் பார்க்கப் போடும் மெல்லிய ரப்பர் உறையைக் கொடுத்துக் குப்பை அள்ளச் சொன்னால் அரை மணியில் கிழியும். கனமான கையுறை, முழு மூடிய காலணி, அவர்கள் கைக்கும் காலுக்கும் சரியான அளவில் கொடுத்துவிட்டுப் பிறகு பேசட்டும்.

வியன்னாவில் 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணக்கூறாய்வு முடித்து அப்படியே பிரசவம் பார்க்க வருகிறவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்றார். தாய்மார் மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. கனவான்களின் கை அழுக்காக இருக்க முடியுமா என்ற அகங்காரம். நம் ஊரில் அந்த அகங்காரத்துக்குப் பெயர் தீட்டு. தீட்டு ஆளைப் பார்க்கும், கிருமி பார்க்காது. தூய்மைப் பணியாளர் தொட்ட டம்ளரைத் தள்ளி வைப்பவர், தான் கழுவாத கையோடு அடுத்த படுக்கைக்குப் போகிறார். தீட்டை நம்பும் மருத்துவமனையில் தொற்றைத் தடுக்க முடியாது. பயிற்சி பெறாதவர் துடைத்த தரையில்தான் நோயாளியின் குழந்தையும் தவழ்கிறது.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். மலக்குழியில் ஒருவர் இறந்தால் மறியல் செய்கிறோம். செய்ய வேண்டும். ஆனால் ஊசி குத்தி, பத்து வருடம் கழித்துக் கல்லீரல் கெட்டுச் சாகும் பெண்ணுக்காக நாம் எத்தனை முறை தெருவுக்கு வந்திருக்கிறோம்? அந்த மரணம் எந்தக் கணக்கிலும் வராது.

கணக்கைக் கேட்க வழி இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் ஜூன் 30க்குள் முந்தைய ஆண்டுக்கான அறிக்கையைப் படிவம் 4இல் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், இதுவரை பயிற்சியே பெறாதவர் எத்தனை பேர், எத்தனை விபத்து என்று அதில் எழுத வேண்டும். அரசு மருத்துவமனைக்கும் இதுதான், தனியாருக்கும் இதுதான். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி வாரியத்திடம் அந்தப் படிவத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "விபத்து: இல்லை" என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நம் குடியிருப்புகளுக்குப் போங்கள். விரல்களை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். தேதி, இடம், ஒப்பந்தக்காரர் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். பேசியவரின் பெயரை மட்டும் வெளியில் விடாதீர்கள், வேலை போய்விடும்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் படிக்கும் மாணவர்களே, தொடங்குவதற்கு உங்கள் தெருவே போதும். அடுத்த பயிற்சி வகுப்பில் அந்த அக்காவும் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். அந்த நாற்காலியை வேறு யாராவது எடுத்துப் போடட்டும்.

ஜெய் பீம்.