இரங்கலுக்கு ஓர் அமர்வு

மாநாட்டு அமர்வுகளுக்குத் தலைப்பு வைப்பது எழுத்தர் வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். யாருக்குத் தெரிந்தது அறிவியல், யாருக்குத் தெரிந்தது வெறும் அனுபவம் என்பது அங்கேதான் முடிவாகிறது.

கடலறிவியல் மாநாடு ஒன்றின் அமர்வுத் தலைப்புகளைத் தமிழாக்கித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். (கவிதை எழுதுகிறவள், கடலைப் பற்றிக் கேள்வி கேட்கமாட்டாள் என்ற நம்பிக்கை போலும்.) கழிமுகச் சூழலியல், வண்டல் படிவு, நீரின் உப்புத்தன்மை என்று வரிசையாக வந்த பட்டியலில், கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருந்தது 'பெண்களும் வாழ்வாதாரமும்'.

எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் நீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். சேறு எங்கே இளகியிருக்கிறது, அனல்மின் நிலையச் சாம்பல் எங்கே படிந்திருக்கிறது என்பதை அவர்கள் விரலால் அறிகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது இந்த நீரில்தான். வண்டல் அமர்வில் இவர்களுக்கு ஏன் நாற்காலி இல்லை?

சோழவரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கவும் காரணமுண்டு. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றுநீரைத் திருப்பித்தான் எங்கள் ஏரி நிறைகிறது. அது சென்னைக்குக் குடிநீர். அந்த ஆறு கடல் சேரும் இடம் எண்ணூர். மேலே எவ்வளவு நன்னீரை நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்துக் கீழே உப்பு மாறும். மாறுவதைத் தினமும் உடம்பில் உணர்கிறவளை 'வாழ்வாதாரம்' என்ற அறைக்கு அனுப்பிவிடுகிறோம்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். மீனும் உப்பும் விற்கிற பெண்கள் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் தேர்வுத்தாளில் நெய்தல் பெண் கரையில் நின்று வருந்துகிறவள் மட்டும்தான். மாநாட்டுக்காரர்கள் தொல்காப்பியம் படித்திருக்கமாட்டார்கள். பங்கு மட்டும் அதேதான் கொடுத்திருக்கிறார்கள். பழவேற்காட்டுப் பாடு முறையும் அப்படியே: எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை விடுவது என்று முறை வைக்கும் ஏற்பாடு, ஆய்வாளர்கள் மெச்சுவது. பாடு ஆணுக்குத்தான்.

"அப்படியானால் தனி அமர்வே வேண்டாமா?" என்று மாணவிகள் கேட்கிறார்கள். 1998இல் சியாங் மாயில் ஆசிய மீன்வளப் பேரவையோடு சேர்ந்து பெண்களுக்கென ஒரு கருத்தரங்கு நடந்தது. அந்த வழியில் 2022இல் கொச்சியில், மீன்வளத்தில் பாலினம் குறித்த எட்டாவது உலக மாநாடு. அதெல்லாம் வேண்டும். தங்களுக்கான மேடையைப் பெண்களே கட்டிக்கொள்வது வேறு. 'பெண்கள் விஷயம் அங்கே பேசப்படுகிறது' என்று சொல்லி மற்ற அறைகளின் கதவைச் சாத்துவது வேறு.

ஆகவே அமைப்பாளர்களே, வண்டல் அமர்வில் முதல் நாள் காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் ஆய்வுச் சுருக்கம் கேட்காதீர்கள். அவர்கள் தமிழில் பேசுவார்கள், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவது உங்களுக்கு. அன்று தண்ணீரில் இறங்காததால் போகும் வருமானத்தையும் வண்டிச் செலவையும் கையில் கொடுங்கள். பொன்னாடை வேண்டாம்.