குறியீடு தீர்ப்பன்று

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் பதுளையிலிருந்து பசறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏற்றத்தில் என் பழைய ஜப்பானியக் கார் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தினால் என்ஜின் குளிர்காய்ச்சல் கண்டவன்போல் நடுங்கியது. முகப்பில் ‘செக் என்ஜின்’ விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கலைப்பட்டதாரியான எனக்கு அந்த விளக்கைப் பார்த்தால் வரும் அச்சம், தேர்வு மண்டபத்தில் கணித வினாத்தாளைப் பார்த்தபோது வந்த அதே அச்சம்தான்.

மறுநாள் கராஜில் இளைஞர் ஒருவர் ஸ்கேனரைச் செருகினார். ‘பி0011’ என்று திரையில் தோன்றியது. அரை நிமிடத்தில் முடிவும் வந்துவிட்டது. “சேர், ஒயில் வால்வு போயிருச்சு. சாமான் கொழும்பில இருந்து எடுக்கணும். நாப்பத்தஞ்சாயிரம் வரும்.”

பத்திரிகைத் தொழிலில் முப்பதாண்டுகள் கழித்தவனுக்கு அந்த அரை நிமிடம் உறுத்தியது. ஒருவர் தொலைபேசியில் சொன்ன தகவலை விசாரிக்காமல் மறுநாள் தலைப்புச் செய்தியாக்கினால் என்ன நேரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குறியீடும் ஒரு தகவல்தானே?

அன்றிரவே தேடிப் படித்தேன். புரிந்த அளவில் சொல்கிறேன். பொறியியல் கற்றோர் பொறுத்தருள்க. என்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. பழைய என்ஜின்களில் அது திறக்கும் நேரம் மாறாதது. மெதுவாகச் செல்லும்போது ஒரு நேரமும் விரைந்து செல்லும்போது வேறொரு நேரமும் பொருத்தமானவை என்பதால், அந்நேரத்தை ஓடும்போதே மாற்றும் முறை வந்தது. விற்பனைக்கான கார்களில் இதனை முதலில் கொண்டுவந்தது இத்தாலியின் அல்ஃபா ரோமியோ, ஆண்டு 1980. தொண்ணூறுகளில் டொயோட்டா போன்ற நிறுவனங்கள் இதைச் சாதாரண மக்களின் கார்களுக்கும் கொண்டுவந்தன. பெரும்பாலான கார்களில் இவ்வேலையைச் செய்வது மின்மோட்டார் அன்று, என்ஜின் ஒயில்தான். கணினி கட்டளையிடுகிறது; ஒரு சிறு வால்வு ஒயிலைத் திறந்துவிடுகிறது; ஒயிலின் அழுத்தம் கேம் தண்டின் பற்சக்கரத்துக்குள் இருக்கும் தகடுகளைத் தள்ளித் தண்டைச் சற்று முன்னோக்கியோ பின்னோக்கியோ திருப்புகிறது. திரும்பியதா என்று ஓர் உணரி கணினிக்குச் சொல்கிறது.

இட்ட கட்டளைக்கும் நடந்த காரியத்துக்கும் இடையே வேறுபாடு நீடித்தால் குறியீடு பதிவாகிறது. பி0011 என்றால் கேம் தண்டு வேண்டியதைவிட முன்னே நிற்கிறது; பி0012 என்றால் பின்தங்கி நிற்கிறது. கட்டளை நிறைவேறவில்லை என்பதற்கு மேல் அக்குறியீடு எதுவும் சொல்வதில்லை. குற்றவாளி வால்வாக இருக்கலாம், அடைபட்ட வடிகட்டியாக இருக்கலாம், இறுகிய பற்சக்கரமாக இருக்கலாம், ஒயிலாகவும் இருக்கலாம்.

நான் மறுநாள் சென்று, முதலில் ஒயில் அளவுகோலை உருவிப் பார்க்கச் சொன்னேன். நுனியில் மட்டும் கித்துள் பாணிபோல் ஏதோ ஒட்டியிருந்தது. கடைசியாக ஒயில் மாற்றியது எப்போது என்று இளைஞர் கேட்டார். பதினாறு மாதங்கள் என்று சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இருக்கும் காரைக் கண்ணாகக் காக்க வேண்டிய காலத்தில் நான் செய்த காரியம் அது.

பழைய ஒயிலை வடித்து, உரிய தரத்தில் புதியது ஊற்றி, வால்வைக் கழற்றினோம். அதன் சன்னமான வலையில் கரிய பசை படிந்திருந்தது. கழுவிப் பூட்டினோம். என்ஜினை நின்ற நிலையில் ஓடவிட்டு, அந்த வால்வுக்குச் சில கணங்கள் பெட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தபோது என்ஜின் தடுமாறி நின்றுபோனது. இது நல்ல அறிகுறி. வால்வும் வேலை செய்கிறது, ஒயிலும் போய்ச் சேருகிறது என்று பொருள். மொத்தச் செலவு சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விளக்கு இன்றுவரை எரியவில்லை.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லவரவில்லை. பி0016 வந்திருந்தால் கதை வேறு. டைமிங் செயின் நீண்டுவிட்டதா, பல் தாண்டிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். அங்கே ஒயில் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

என்னை எழுதத் தூண்டியது என் கார் அன்று. அதே கராஜில் ஒரு தோட்டத்துத் தம்பியைச் சந்தித்தேன். லீசிங்கில் எடுத்த காரை வாடகைக்கு ஓட்டுபவர். லயன்களிலிருந்து இரவில் நோயாளிகளைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அவர்தான். அவருக்கு வந்தது பி0010. வேறொரு ஊரில் கடன் வாங்கிப் புதிய வால்வு போட்டார். இரண்டே நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது. ஒரு கடைசி இலக்கம்தான் வேறு, ஆனால் பி0010 சொல்வது மின்சுற்றுக் கோளாறு. அளவி ஒன்றை வைத்து வால்வின் மின்தடையைப் பார்த்திருந்தால் போதும். பல டொயோட்டா என்ஜின்களுக்கு 20 பாகை வெப்பத்தில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும். பழைய வால்வில் அது சரியாகவே இருந்தது. சோக்கெட்டுக்கு அருகே எலி கடித்த வயர் ஒன்றுதான் அற்றுக் கிடந்தது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1350 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. நாற்பத்தையாயிரம் ரூபாய் அந்தக் கணக்கில் முப்பத்துமூன்று நாட்களின் கொழுந்து.

இளைஞர்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. ஸ்கேனர் பேசுவது ஆங்கிலம். திரையில் ஒரு பாகத்தின் பெயர் தெரிந்தால் அதையே மாற்றச் சொல்கிறது என்று கொள்வது இயல்பு. மலையகத்தில் தொழிற்பயிற்சி பற்றிப் பேசும் அரசியல்வாதிகள் கட்டடம் திறப்பதில் காட்டும் ஆர்வத்தில் ஒரு துளியை, இக்குறியீடுகளின் பொருளையும் பரிசோதிக்கும் ஒழுங்கையும் நல்ல தமிழில் ஒரு சிறு கைநூலாக்குவதில் காட்டலாம். நூறு பக்கம் போதும்.

நம்மிடமும் பெரிய குறை இருக்கிறது. மாற்றிய சாமானுக்குக் காசு கொடுப்போம். ஒரு மணிநேரம் குனிந்து நின்று காரணத்தைக் கண்டுபிடித்ததற்குக் கொடுக்கமாட்டோம். பிறகு அவர் சாமான் விற்காமல் என்ன செய்வார்? பரிசோதனைக்கென்று தனிக் கூலி இருக்க வேண்டும், அதை நாம் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

சென்ற சனிக்கிழமை அந்தக் கராஜுக்குப் போயிருந்தேன். இளைஞர் புதிதாக மின் அளவி ஒன்று வாங்கியிருந்தார். வேன் ஒன்றை முக்கால் மணிநேரம் பார்த்துவிட்டு, வயர் ஒன்றைச் செருகிச் சரிசெய்து, 1500 ரூபாய் கேட்டார். “சும்மா பாத்ததுக்கா?” என்றார் வேன்காரர். என் மதிப்புக்குரிய நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார்.