கரும்பலகை மாம்பழம்

உங்கள் வகுப்பின் கால அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வாரத்தில் ஏதோ ஒரு பிரிவேளையில் 'ஓவியம்' என்று எழுதியிருக்கும். சென்ற மாதம் அந்த வேளையில் என்ன செய்தீர்கள்? கணக்கில் விட்டுப்போன பயிற்சியை முடித்தீர்களா? அறிவியல் தேர்வு எழுதினீர்களா? நீங்கள் பத்தாம் வகுப்பு என்றால் அந்தச் சொல்லே அட்டவணையில் இல்லாமலும் இருக்கலாம். அறிவியல் இதழில் ஓவிய வகுப்பைப் பற்றி எதற்குப் பேச்சு என்று நினைக்காதீர்கள். அறிவியலுக்காகத்தான் நான் வருந்துகிறேன்.

நான் படித்தது ராஜபாளையத்தில். மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று பெயரைச் சொன்னாலே எங்கள் ஊர்க்காரர்களுக்கு நாவில் நீர் ஊறும். எங்கள் ஓவிய வகுப்பிலும் ஆண்டு தவறாமல் மாம்பழம் உண்டு. ஆசிரியர் கரும்பலகையில் வரைவார்: ஒரு காம்பு, இரண்டு இலை, கீழே சற்று வளைந்த மூக்கு. அதைப் பார்த்து நாங்கள் வரைவோம். பழத்துக்கு மஞ்சள், இலைக்குப் பச்சை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அதே பழம்தான். பள்ளி வாசலில் ஒரு பாட்டி கூடையில் பழம் விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒன்றை வாங்கி வந்து மேசைமேல் வைத்து, "இதைப் பார்த்து வரையுங்கள்" என்று யாரும் சொன்னதில்லை. எந்தத் தோப்பிலும் காய்க்காத ஒரு மாம்பழத்தை மாம்பழ ஊர்ப் பிள்ளைகள் மூன்று ஆண்டுகள் வரைந்தோம்.

ஆசிரியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது பிள்ளைகள், ஒரு சாக்குக்கட்டி, மதிப்பெண் இல்லாத பாடம். அவர்தான் என்ன செய்வார்? பிற்காலத்தில் 2012-இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு நியமித்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். ஒரு பாடத்துக்கு நாம் தரும் மதிப்பு என்ன என்பதை அந்தத் தொகையே சொல்லிவிடுகிறது.

சரி, பார்த்து வரைவதற்கும் அறிவியலுக்கும் என்ன உறவு? 1609-ஆம் ஆண்டுக்குப் போவோம். இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்ற கணித அறிஞர் தொலைநோக்கியால் நிலவைப் பார்த்து வரைந்தார். சில மாதங்கள் கழித்து இத்தாலியில் கலிலியோவும் பார்த்து வரைந்தார். ஹாரியட்டின் முதல் படத்தில் ஒளிக்கும் இருளுக்கும் நடுவே ஒழுங்கற்ற ஒரு கோடும் சில திட்டுகளும்தான் இருந்தன. கலிலியோவோ அதே திட்டுகளை மலைகளின் நிழல் என்றும், பள்ளங்களின் விளிம்பு என்றும் கண்டுகொண்டார். கலிலியோ ஓவியம் பயின்றவர். ஒரு மேட்டின்மேல் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் நிழல் எப்படி விழும் என்பது அவர் கைக்குத் தெரிந்த விஷயம். 1613-இல் ஃபிளாரன்ஸ் நகர ஓவியக் கழகமே அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. கலிலியோவின் நூல் 1610-இல் வெளிவந்த பிறகு ஹாரியட் வரைந்த படங்களிலும் பள்ளங்கள் தோன்றத் தொடங்கின! கண் இருவருக்கும் ஒன்றுதான். பழக்கம்தான் வேறு.

இந்தப் பழக்கத்தை வளர்க்க விலையுயர்ந்த வண்ணப் பெட்டி வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரம் 192 அடி உயரம். அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமே என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். அந்த ஊர் மாணவர்களிடமே அதற்கு எத்தனை நிலைகள் என்று கேட்டுப் பாருங்கள். பதினொன்று என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் பார்ப்போம்! ஒரு புதுப் பென்சிலை எடுத்துக்கொண்டு 200 மீட்டர் தள்ளிப் போய் நில்லுங்கள். கையை நேராக நீட்டிப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு கண்ணை மூடுங்கள். பென்சில் கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் இருந்தால், 17.5 செ.மீ. நீளமுள்ள அது கோபுரத்தை ஏறத்தாழ முழுவதும் மறைத்துவிடும். 200-ஐ 17.5-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 58 மீட்டர் சொச்சம். 192 அடியும் அதுதான். இனி பென்சிலில் விரலை நகர்த்தி ஒவ்வொரு நிலையின் உயரத்தையும் அளந்து தாளில் குறியுங்கள். ஓவியர்கள் செய்வது இதையேதான்.

அதே ஊரில் இன்னொரு பாடமும் நாள்தோறும் நடக்கிறது. ஆண்டாளின் இடக்கையில் வைக்கும் கிளியைச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்கிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, கண்ணுக்குக் காக்காய்ப்பொன், கட்டுவதற்கு வாழைநார். செய்து முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். பக்தி ஒருபுறம் இருக்கட்டும். செய்பவர் கையில் எவ்வளவு தாவர அறிவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்த இலை மடித்தால் உடையாது, எது சீக்கிரம் வாடாது, எந்த நார் இறுக்கினால் அறாது? நீங்களும் வகுப்பில் குழுவாகப் பிரிந்து, ஆளுக்கு ஒரு வகை இலையால் பறவை செய்யுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வரைந்து வையுங்கள். எந்தப் பறவை முதலில் சோர்ந்தது? தடித்த இலையா, மெல்லிய இலையா? இலை நீரை இழப்பதைப் பற்றிப் பாடநூலில் படித்ததெல்லாம் அப்போது கண்முன் நிற்கும். (அரளியைத் தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள். அது நஞ்சு, வாயருகே கொண்டுபோகவே கூடாது.)

பக்கத்தில் சிவகாசி இருக்கும்போது அச்சிட்ட காலண்டருக்கா பஞ்சம்? கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898–1976) போன்றவர்களின் படங்கள் அங்கு அச்சாகித்தான் வீடுவீடாகப் போயின. பழைய காலண்டர் ஒன்றை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். பச்சை இலையில் பச்சை மையே இருக்காது! வெளிர்நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும்தான் இருக்கும். கலக்கும் வேலையைச் செய்வது உங்கள் கண். இதைப் பார்த்த பிறகு புள்ளிகளாலேயே ஒரு இலை வரைந்து பாருங்கள். மஞ்சள்தூள் கரைசல் பூசிய தாளில் சோப்புநீரால் கோடு போட்டால் சிவப்பாக வருவதையும், எலுமிச்சைச் சாறு தொட்டால் அது மறைவதையும் உங்களில் பலர் செய்திருப்பீர்கள். அதையும் ஓவிய வகுப்புக்கே கொண்டு வரலாமே.

"எனக்கு வரைய வராதே" என்கிறீர்களா? அழகாக வரைய வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? செம்பருத்திப் பூவை வரையச் சொன்னால் நம்மில் பலர் ஐந்து இதழ் போடுவோம். எதிரே வைத்திருப்பது அடுக்குச் செம்பருத்தியாக இருந்தாலும் கை ஐந்தே போடும், ஏனென்றால் புத்தகத்தில் ஐந்து இருக்கிறது. அழகாக வரைந்த அந்த ஐந்து இதழ்ப் பூவைவிட, கோணல்மாணலாக இருந்தாலும் இதழ்களை எண்ணிப் போட்ட பூவுக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன்.

அடுத்த வாரம் ஓவியப் பிரிவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டால் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: பென்சிலோடு அவரும் உங்களுடன் கோபுரம் பார்க்க வர வேண்டும். ஒத்த முக்கோணங்களை அவர் அங்கேயே நடத்தட்டும். திரும்பும் வழியில் மாம்பழக் கூடை தென்பட்டால் ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். சாப்பிடும் முன் வரைந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.